கனடா ஸ்பான்சர்ஷிப்: இன்லேண்டா, அவுட்லேண்டா?

கணவனையோ மனைவியையோ கனடாவில் நிரந்தரமாகக் குடியமர்த்த ஸ்பான்சர் செய்பவர்களுக்கு இரண்டு வழிகள். துணைவர் கனடாவுக்குள் உங்களோடு ஒரே வீட்டில் வசிக்கிறார் என்றால் இன்லேண்ட். ஊரில் இருக்கிறார் என்றால் அவுட்லேண்ட். இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். விசிட்டர் விசாவிலோ படிக்க வந்தோ கனடாவுக்குள் இருப்பவரும் அவுட்லேண்டில் போடலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஆக, துணைவர் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. ஏற்கெனவே ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ சேர்ந்து வாழும் தம்பதிகள்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

துணைவர் கனடாவில் தங்கும் அனுமதி செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் என் ஓட்டு அவுட்லேண்டுக்கு.

முன்பெல்லாம் அப்படிச் சொல்ல முடியாது. இன்லேண்டில் போட்டால் ஓப்பன் வொர்க் பெர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கும் அனுமதி) கிடைக்கும், அவுட்லேண்டில் கிடைக்காது. வீட்டில் ஒருவர் சம்பளத்தில் வாடகை கட்ட முடியாத ஊரில் இது சாதாரண விஷயமில்லை. 2023 மே மாதம் குடிவரவுத் துறை அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. துணைவர் ஸ்பான்சரோடு ஒரே முகவரியில் கனடாவில் இருந்து, முறையான தற்காலிக நிலையும், விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகைக் கடிதமும் வைத்திருந்தால், எந்தப் பிரிவில் போட்டிருந்தாலும் வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இன்றும் "வேலை செய்யணும்னா இன்லேண்ட்தான் போடணும்" என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கணக்கு அது.

அந்தச் சலுகை பொதுவாகிவிட்டதால், மிச்சமிருக்கும் பெரிய வேறுபாடு மேல்முறையீடு. அவுட்லேண்ட் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ஸ்பான்சர் 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய ஆதாரங்களைக் காட்டலாம், கணவன் மனைவி இருவரும் சாட்சி சொல்லலாம், வழக்கைப் புதிதாகவே கேட்பார்கள். இன்லேண்டில் இந்த உரிமை கிடையாது. 15 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும், அதிகாரி எடுத்த முடிவு நியாயமான முறையில் எடுக்கப்பட்டதா என்றுதான் நீதிபதி பார்ப்பார். உங்கள் திருமணம் உண்மையா என்று விசாரிக்க மாட்டார். முதலில் விட்டுப்போன ஆதாரத்தை அங்கே கொண்டுபோய் நீட்ட முடியாது.

அடுத்தது பயணம். இன்லேண்ட் என்பது சேர்ந்து வாழ்வதன் மேல் நிற்கும் பிரிவு. நடுவில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய், திரும்பி வர விசா கிடைக்காமல் போனால் விண்ணப்பமே ஆட்டம் கண்டுவிடும். அவுட்லேண்டில் அந்தப் பயம் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு தொல்லை உண்டு: நேர்காணல் வேண்டுமென்று அதிகாரி நினைத்தால் வெளிநாட்டிலுள்ள விசா அலுவலகத்துக்கு வரச் சொல்லலாம்.

அப்படியானால் இன்லேண்ட் யாருக்கு? தங்கும் அனுமதி காலாவதியாகிவிட்டவருக்கு, அனுமதியில்லாமல் வேலை பார்த்துவிட்டவருக்கு. இப்படி நிலை இழந்தவர்களையும் ஏற்கும் பொதுக்கொள்கை 2005 முதல் இருக்கிறது; அது இன்லேண்டுக்கு மட்டும்தான். குற்றப் பின்னணியையோ பொய்த் தகவலையோ அது மன்னிக்காது. இந்த நிலையில் இருப்பவர் அவுட்லேண்ட் பக்கமே திரும்பக் கூடாது. இதை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் செய்யாதீர்கள்.

சரி, ஆவணங்களுக்கு வருவோம். படிவங்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே, கட்டணமும் ஒன்றே. மாறுவது ஆதாரங்களின் எடை. இன்லேண்டில் ஒரே கூரைக்குக் கீழ் வாழ்வதற்கான அத்தாட்சிதான் உயிர்நாடி: இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஹைட்ரோ (மின்சார) பில், ஒரே முகவரி போட்ட அடையாள அட்டைகள். நம் ஆட்களில் பலர் அண்ணன் வீட்டு பேஸ்மெண்டில் ஒப்பந்தமே இல்லாமல் இருப்பார்கள். அண்ணனிடம் கடிதம் வாங்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. போன் பில், வங்கிக் கடிதம் என்று அந்த முகவரிக்கு இருவர் பெயரிலும் தபால் வரத் தொடங்கட்டும்.

அவுட்லேண்டில் பிரிந்திருக்கும் தம்பதிகளுக்குத் தொடர்பைக் காட்டுவதுதான் வேலை. விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, பணம் அனுப்பிய ரசீது, உரையாடல்கள். இங்கே அள்ளிக் கொட்டுவதால் பயனில்லை. குடிவரவுத் துறையின் ஆவணச் சரிபார்ப்புப் பட்டியலே படங்களை 20-க்குள்ளும் உரையாடல்களை 10 பக்கத்துக்குள்ளும் நிறுத்தச் சொல்கிறது. கல்யாண மேடைப் படம் இரண்டு மூன்று போதும். மீதியில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இருக்கட்டும், வெவ்வேறு நாட்கள் தெரியட்டும்.

பெற்றோர் பார்த்துச் செய்த கல்யாணத்துக்கு ஐஎம்எம் 5532 படிவம்தான் பரீட்சை. யார் அறிமுகப்படுத்தியது, எப்போது முதலில் பார்த்தீர்கள், கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்று கேட்கும். பெண் பார்த்த இரண்டாம் வாரம் நிச்சயம் என்பது நமக்குச் சகஜம். அந்த வேகம் படிக்கும் அதிகாரிக்கும் சகஜமாகத் தோன்றும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது. ஜாதகம் கைமாறியது, தரகர் வந்தது, பெரியவர்கள் பேசியது எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். விசா வேலையைத் தொடங்க முதலில் பதிவுத் திருமணம், ஆறு மாதம் கழித்துத் தாலி கட்டு என்று செய்தவர்கள் இரண்டு தேதிகளையும் சொல்லி, சட்டப்படியான தேதி எது என்பதை எல்லாப் படிவங்களிலும் ஒரே மாதிரி போட வேண்டும். வீடியோ அழைப்பில் நடந்த பதிவு எடுபடாது. ஒருவர் நேரில் இல்லாமல் நடக்கும் திருமணங்களைக் குடிவரவு விண்ணப்பங்களில் 2015 ஜூனிலிருந்து கனடா ஏற்பதில்லை.

இரண்டு பிரிவுக்கும் பொதுவான சிக்கல்களில் முதலாவது நம் பெயர். இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், இருக்கும் பெயரை முழுவதும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, இயற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அப்பா பெயரை நீங்களாக அங்கே சேர்க்காதீர்கள்.

போலீஸ் சான்றிதழ் கடந்த 10 ஆண்டில், 18 வயதுக்குப் பிறகு, தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த, கனடா தவிர்த்த ஒவ்வொரு நாட்டுக்கும் தேவை. துபாயில், கத்தாரில் வேலை பார்த்தவர்கள் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரங்களின் மொழிபெயர்ப்பை உறவினர் செய்யக் கூடாது, அவர் அதையே தொழிலாக வைத்திருந்தாலும். அப்புறம், முந்தைய திருமணத்துக் குழந்தை கூட வராவிட்டாலும் படிவத்தில் பெயர் வர வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் நடக்க வேண்டும். விட்டுவிட்டால் பின்னாளில் அந்தக் குழந்தையைக் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்யும் வழி அடைபட்டுவிடலாம்.

போட்ட பிறகு மனம் மாறினால்? ஒரு பிரிவிலிருந்து மற்றதுக்கு மாற்றித் தர மாட்டார்கள். முதல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, வரிசையின் கடைசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். வொர்க் பெர்மிட் அந்த விண்ணப்பத்தை நம்பி வந்தது என்றால், திரும்பப் பெறுவதற்கு முன்பே அது என்ன ஆகும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.