தகடு, துருத்தி ஷட்டர், இம்பாக்ட் கண்ணாடி: நாங்கள் ஏன் கண்ணாடிக்கு மாறினோம்

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், ஃபோர்ட் மயர்ஸுக்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. அதை வாங்கியபோது கராஜின் மூலையில் அலுமினியத் தகடுகள் அடுக்கடுக்காகச் சாய்ந்து நின்றன. புயல் வந்தால் ஜன்னல்களுக்கு வெளியே மாட்ட வேண்டிய தகடுகள் அவை. 2023-இல் அவற்றை ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டு எல்லா ஜன்னல்களையும், விரிசல் விட்டாலும் சட்டத்தை விட்டு விழாத இம்பாக்ட் கண்ணாடிக்கு மாற்றினோம். "சும்மா கிடைத்த தகடு இருக்கும்போது இவ்வளவு பணத்தை எதற்குக் கொட்டினாய்?" என்று கேட்காதவர் இல்லை. விலைப்புள்ளிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். எங்களுக்கு வந்த கண்ணாடியின் விலையில் பாதிக்கு, ஜன்னலுக்கு வெளியே இழுத்து மூடும் துருத்தி ஷட்டர் போட்டிருக்கலாம்.

முதலில் பேசவே வேண்டாதவை. கண்ணாடியில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டுவதால் பயன் எதுவுமில்லை. உடையும்போது துண்டுகள் இன்னும் பெரிதாக விழும், அவ்வளவுதான். பிளைவுட்டை முன்கூட்டியே அளவெடுத்து வெட்டி, துளையிட்டு, எண் எழுதி வைத்திருப்பவருக்கு அது உதவும். புயல் அறிவிப்பு வந்த பிறகு கடை வரிசையில் நிற்பவருக்கு உதவாது.

ஜன்னலுக்கு ஏன் இத்தனை பாடு? காற்று மோதும் பக்கத்தில் ஒரு ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளுகிறது. மேலே பாயும் காற்று அதே கூரையை உறிஞ்சி இழுக்கிறது. தள்ளலும் இழுப்பும் சேர்ந்தால் கூரை நிற்காது. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. மயாமி-டேட், பிரோவர்ட் மாவட்டங்கள் விதிகளை இறுக்கின. 2002-இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது.

அந்தக் கடுமையான விதிகளின்படி நடக்கும் சோதனை பலருக்குத் தெரியாது. ஒன்பது பவுண்டு எடையுள்ள மரச்சட்டத்தை நொடிக்கு 50 அடி வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், பொருளின் மீது எறிகிறார்கள். பிறகு காற்றழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்குகிறார்கள். தகடு, துருத்தி ஷட்டர், கண்ணாடி எல்லாவற்றுக்கும் சோதனை ஒன்றே. ஆகவே "எது வலுவானது?" என்பது தவறான கேள்வி. முறையான ஒப்புதல் பெற்ற மூன்றும் போதுமான வலுவுள்ளவை. காப்பீட்டுத் தள்ளுபடியும் பொதுவாக மூன்றுக்கும் ஒன்றுதான். ஒரு சிறு ஜன்னல் விடுபட்டாலும் கை நழுவிவிடும் என்பதும் மூன்றுக்கும் பொது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது நேரம்.

எங்கள் வீட்டில் பதினான்கு திறப்புகள். முதல் முறை தகடு மாட்டியபோது நானும் மனைவியும் சேர்ந்து ஒன்பது மணி நேரம் உழைத்தோம். தகடுகளின் ஓரம் கத்தி போல இருக்கும், கையுறை இல்லாமல் தொட முடியாது. மாடி ஜன்னலுக்கு ஒருவர் ஏணியில், ஒருவர் கீழே. பத்தாவது ஜன்னலில் நட்டு புல்லில் விழுந்து தொலையும்.

இந்த ஒன்பது மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? தேசியப் புயல் மையத்தின் ஹரிக்கேன் எச்சரிக்கை, மணிக்கு 39 மைல் காற்று வந்து சேர்வதற்கு 36 மணி நேரம் முன்பு வெளியாகிறது. அதற்கு முந்தைய கண்காணிப்பு அறிவிப்பு 48 மணி நேரம் முன்பு. அந்தக் காற்று வந்துவிட்டால் ஏணியில் ஏற முடியாது. 36-இல் ஓர் இரவைக் கழியுங்கள். பெட்ரோல் வரிசை, தண்ணீர், மருந்து, ஆவணப் பெட்டி, ஊரைவிட்டுப் போவதென்றால் நெரிசலில் நகராத சாலை, எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவது ஒரு பகல்பொழுது. அதுவும் எச்சரிக்கை சரியான நேரத்தில் உங்கள் ஊருக்கு வந்தால்தான்.

வராமல் போகலாம். புயலின் மையம் எந்தப் பக்கம் போகலாம் என்று தொலைக்காட்சியில் காட்டும் அந்தக் கூம்பு, முந்தைய ஐந்து ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளை வைத்து வரையப்படுவது. புயலின் மையம் கூம்புக்குள் இருப்பது ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறைதான். புயல் எவ்வளவு அகலமானது என்பதைக் கூம்பு சொல்வதேயில்லை. 2022-இல் இயன் புயல் வந்தபோது கூம்பின் நடுக்கோடு முதலில் எங்களுக்கு வடக்கே தம்பா பக்கம் போனது. நாங்கள் கூம்பின் தெற்கு ஓரத்தில் இருந்தோம். நானும் எல்லோரையும் போலக் கோட்டைத்தான் பார்த்தேன். தெற்கிலிருந்து வரும் புயல் எங்கள் கரையைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டே ஏறும். திசை கொஞ்சம் திரும்பினாலும் கரையைக் கடக்கும் இடம் பல மைல் தள்ளிப்போய்விடும். செப்டம்பர் 27, செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மாவட்டத்தில் கரையோரப் பகுதிகளுக்கு வெளியேறும் உத்தரவு வந்தது. மறுநாள் பிற்பகல் இயன் கேயோ கோஸ்டா தீவில் மணிக்கு 150 மைல் காற்றுடன் கரையைக் கடந்தது. அந்தச் செவ்வாயன்று மழைக்கு நடுவே ஏழு ஜன்னல்களுக்குத் தகடு மாட்டினோம். மீதி ஏழையும் கடவுளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். கடவுள் ஆறைப் பார்த்துக்கொண்டார். உடைந்தது குழந்தைகள் அறை ஜன்னல்.

பாதைக் கணிப்பு கடந்த முப்பது ஆண்டுகளில் வெகுவாகத் தேறியிருக்கிறது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வலிமை திடீரென்று ஏறுவதைக் கணிப்பது இன்னும் கடினம். 2023 அக்டோபரில் ஓடிஸ் ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து, வலிமை அளவுகோலின் உச்சமான ஐந்தாம் வகைக்கு ஏறி மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கியது. முந்தைய நாள் கணிப்புகள் அதைப் பெரிதாக எண்ணவில்லை. இப்படி ஒன்று வந்தால் ஒன்பது மணி நேரம் கேட்கும் தகடு கராஜிலேயே இருந்துவிடும்.

துருத்தி ஷட்டர்தான் இதில் உண்மையான போட்டியாளர். ஆர்மோனியத் துருத்தி போல ஜன்னலின் இரு பக்கமும் மடிந்து நிற்கும்; இழுத்துப் பூட்டினால் முடிந்தது. முழு வீட்டுக்கும் ஒரு மணி நேரம் போதும். ஒரே தளமுள்ள வீடு, எப்போதும் யாராவது இருப்பார்கள் என்றால் நான் இதையே சொல்வேன். இதன் எதிரி உப்புக்காற்று. தண்டவாளத்தைக் கழுவி, சக்கரங்களுக்கு சிலிகான் தெளித்து, ஆண்டுக்கு இரண்டு முறையாவது எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று ஆண்டுகள் தொடவில்லை. இயன் வந்தபோது இரண்டு ஷட்டர்கள் பாதியில் சிக்கிக்கொண்டன. இன்னொன்று, புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நாங்கள் ஊருக்குப் போவதோ பள்ளி விடுமுறையில், ஜூன், ஜூலையில். அப்போது யார் வந்து இழுத்து மூடுவது? மூடிவிட்டே போகலாம்தான். இரண்டு மாதம் இருட்டு வீடு என்று தெருவுக்கே அறிவிப்பதாகிவிடும்.

கண்ணாடிக்கு நேரமே தேவையில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டிய படலம் இருப்பதால் அது விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே நிற்கும். ஆனால் விரிசல் விட்டதைத் தூக்கி எறிந்துவிட்டு அளவு கொடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும். புயலுக்குப் பிறகு ஊரே அந்த வரிசையில் நிற்கும். ஷட்டர் என்றால் ஒரு பட்டையை மாற்றினால் போதும். பொருத்துவதிலும் கவனம் வேண்டும். எங்கள் ஒப்பந்தக்காரர் முதலில் குட்டையான திருகுகளைப் போட்டார், அனுமதி ஆய்வாளர் வந்து நிராகரித்தார், எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார்கள். நழுவு கதவின் அடித்தண்டவாளம் வழியாக மழைநீர் கொஞ்சம் கசிகிறது. துணி வைத்துச் சமாளிக்கிறோம்.

கண்ணாடி போட்ட பிறகு நேரடி அடி எதையும் எங்கள் வீடு வாங்கவில்லை. 2024 அக்டோபர் 9 அன்று மில்டன் எங்களுக்கு வடக்கே சியெஸ்டா கீயில் கரையைக் கடந்தது, எங்களுக்கு ஓரக்காற்றுதான். அது இரண்டு நாள் முன்பு ஐந்தாம் வகைக்கு ஏறியபோது நாங்கள் செய்தது, தோட்டத்து நாற்காலிகளையும் பூந்தொட்டிகளையும் உள்ளே வைத்ததுதான். ஆகவே கண்ணாடி நாலாம் வகைக் காற்றைத் தாங்கும் என்று சோதனைச் சான்றிதழை நம்பிச் சொல்கிறேன், அனுபவத்தில் அல்ல. கடல்நீர் ஏற்றத்துக்கு இவற்றில் எதுவுமே பதில் இல்லை. அதற்கு வெள்ளக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். அரசின் திட்டத்தில் அது நடைமுறைக்கு வர பொதுவாக 30 நாள் ஆகும், புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிப் பயனில்லை.

கராஜ் கதவு மட்டும் இன்னும் பழையதே. வீட்டின் மிகப் பெரிய திறப்பு அதுதான் என்பது ஜன்னல் வேலை முடிந்த பிறகுதான் உறைத்தது. அதற்கான விலைப்புள்ளி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியபடி இருக்கிறது. ஜூன் 1-க்குள் முடிவெடுக்க வேண்டும்.