சுங்கை சிப்புட்டில் பழைய மேக்புக் வாங்கியவர்களே, "வைரஸ், ஃபார்மட் பண்ணணும்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

டவுன் கடையொன்றில் செகண்ட்ஹேண்ட் மேக்புக் வாங்கிய தோட்டத்துப் பிள்ளைக்கு நடந்தது இது. முந்தைய ஆள் போட்டிருந்த வரைபலகை (டிராயிங் டேப்லெட்) மென்பொருள், ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் பலகையைக் காணோம் என்று தகவல் காட்டியது. கடைக்காரர் அப்ளிகேஷன்ஸ் போல்டரில் இருந்த ஐகானைக் குப்பையில் போட்டார். தகவல் நிற்கவில்லை. வைரஸ் என்று சொல்லி, 180 ரிங்கிட் வாங்கி ஃபார்மட் செய்துவிட்டார். காலேஜ் அசைன்மெண்ட் அத்தனையும் போயிற்று. பேக்கப் இருக்கிறதா என்றுகூட அந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லை.

அது வைரஸே இல்லை. மேக்கில் தனி ஆப் வேறு, செட்டிங்ஸுக்குள் ஒரு பக்கமாகச் சேரும் பேன் (pane) வேறு. ஆப் தன் ஐகானோடு தனியாகத் திறக்கும், டாக்கில் தெரியும். பெரும்பாலான ஆப்களைக் குப்பையில் போட்டாலே போதும். பேன் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள்தான் திறக்கும். அப்ளிகேஷன்ஸ் போல்டரில் தேடினால் கிடைக்காது. 2022இல் வந்த வெஞ்சுரா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து, வெளியார் பேன்கள் இடப்பக்கப் பட்டியலின் அடியில் இருக்கும். அதற்கு முன் சிஸ்டம் பிரிஃபரன்சஸ் ஜன்னலின் கடைசி வரிசை.

முதலில், தயாரிப்பாளர் அன்இன்ஸ்டாலர் தந்திருந்தால் அதையே ஓட்டுங்கள். இல்லையென்றால் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி பேன் பெயரைக் கிளிக் செய்து, ரிமூவ் கொடுங்கள். எல்லாப் பயனர்களுக்குமாகப் போட்டிருந்தால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். பழைய ஆளின் பாஸ்வேர்ட் உங்களிடம் இல்லையென்றால் இங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். வாங்கும்போதே அட்மின் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில். பேன் போனாலும், அது சொன்னபடி பின்னணியில் ஓடும் சின்ன நிரல் அப்படியே இருக்கலாம். லாகின் செய்ததும் தகவல் காட்டுவது அதுதான். ஃபைண்டரில் கோ மெனுவைத் திறந்து ஆப்ஷன் விசையை அழுத்தினால் லைப்ரரி தெரியும். அதற்குள் லாஞ்ச்ஏஜென்ட்ஸ் போல்டரில் அந்தக் கம்பெனி பெயருள்ள கோப்பை மட்டும் எடுங்கள். பிறகு கோ, கம்ப்யூட்டர், மேக்கின்டோஷ் எச்டி வழியாகப் போய், அங்குள்ள லைப்ரரியில் லாஞ்ச்ஏஜென்ட்ஸ், லாஞ்ச்டீமன்ஸ் இரண்டையும் பாருங்கள். தெரியாத பெயர் எதையும் தொடாதீர்கள். சிஸ்டம் போல்டர் பக்கமே போக வேண்டாம். கடைசியாக ரீஸ்டார்ட்.

இதற்கு ஃபார்மட் தேவையே இல்லை. கடை கட்டாயப்படுத்தினால், எந்தக் கோப்பு, எந்தப் போல்டர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் மேக்கிலேயே உள்ள டைம் மெஷினால் பேக்கப் எடுத்துவிடுங்கள். என்ன வேலை, எவ்வளவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். நடந்ததிலிருந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும்.