வாசாவா, மேரி ரோஸா?

கடல்சார் வரலாறு படித்து அருங்காட்சியகக் காப்பாட்சியராக நினைப்பவர் எந்தக் கப்பலிடம் தொழில் கற்கலாம்?

பார்க்க அழகு, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் இருக்கும் வாசா போர்க்கப்பல்தான், சந்தேகமே இல்லை. 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கியது. பால்டிக் கடலில் மரத்தை அரிக்கும் கப்பல் புழு இல்லாததால், 1961இல் கிட்டத்தட்ட முழுசாகவே மேலே வந்தது. அங்கே தலைவலி மரம்தான். மரம் சுருங்கி வெடிக்காமல் இருக்க, மெழுகு போன்ற பாலி எத்திலீன் கிளைகாலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். அப்புறமும் மரத்தில் ஊறிய கந்தகம் அமிலமாக மாறியது. துருவேறிய ஆணிகளைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகு போட வேண்டியதாயிற்று. வேதியியல் பிடிக்கும் என்றால், சரி, அங்கே போகலாம்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் இருக்கும் மேரி ரோஸ் போர்க்கப்பல் 1545இல் மூழ்கியது, 1982இல் தூக்கினார்கள். கப்பலில் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். ஆனால் கிடைத்த பொருட்கள் சுமார் 19,000! மாலுமிகளின் மரச் சீப்பில் பேன், ஈர் அப்படியே இருக்கிறது. வைத்தியரின் களிம்புச் சிமிழில் விரலால் வழித்த தடம்கூட அழியவில்லை. ஆட்களைப் பற்றிக் கதை சொல்ல விரும்பும் காப்பாட்சியருக்கு இதைவிட என்ன வேண்டும்? என் ஓட்டு இதற்கே.

மேரி ரோஸ் அகழாய்வை நடத்திய மார்கரெட் ரூலும் இங்கிலாந்தின் ஃபிஷ்போர்ன் ரோமானிய மாளிகையில் காப்பாட்சியராக இருந்தவர்தான். தரையில் தோண்டிப் பழகியவர், இந்தக் கப்பலுக்காகவே முக்குளிக்கக் கற்றுக்கொண்டார்.