கல்வமா, கூழா?

1976-இல் வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ் திடநிலை வேதியியலுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய ஊர் பெங்களூரு. இங்கே ஆய்வுக்கு வந்திருக்கும் திருநெல்வேலித் தங்கை கேட்டாள்: "அண்ணா, புது ஆக்சைடு செய்யப் பொடிகளை அரைத்துச் சுடுவதா, கரைசலைக் கூழாக்கிச் சுடுவதா?"

என் மனம் கல்வத்தின் பக்கம்தான். எடுத்துக்காட்டாக, இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் அகேட் என்னும் கடினக் கல்லாலான கல்வத்தில் கை வலிக்க அரைக்க வேண்டும். 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு, ஆறவிட்டு, மறுபடி அரைத்து, மறுபடி சுட வேண்டும். சித்த வைத்தியர் புடம் போடுவதைப் போல. திடப்பொருளில் அயனிகள் ஆமையாய் நகர்வதால்தான் இத்தனை பாடு. கடைசியில் ஆக்சிஜனில் மெல்லக் குளிர்வித்தால் கையில் கரிய வில்லை. 1987-இல் உலகை உலுக்கிய மீக்கடத்தி அது! ஏறத்தாழ 93 கெல்வினில் (மைனஸ் 180 டிகிரி செல்சியஸ்) மின்தடை மறைகிறது. குளிர்விக்கத் திரவ நைட்ரஜனே போதும்.

கூழ்முறையில் உலோகங்கள் கரைசலிலேயே கலந்துவிடும். வெப்பம் குறைவு, தூள் நுண்மை.

ஆனால் வெப்பம் குறைந்தால் அமைப்பும் மாறலாம். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு 800 டிகிரிக்கு மேல் சீரான அடுக்குகளாக வரும். 400-இல் அணுக்களின் வரிசையே வேறு. பேட்டரிக்கு முன்னதே சிறந்தது. புதுப்பொருள் தேடுகிறவருக்கோ உயர்வெப்பச் சூளையில் கிடைக்காத பின்னதும் புதையல்.

"முதல் ஆறு மாதம் கல்வம், அம்மா" என்றேன். அன்று மாலையே பொடிகளை நிறுக்கத் தொடங்கிவிட்டாள்.