முதியோர் கல்வி ஆசிரியர்களின் வாசிப்பு வட்டத்துக்கு முதல் புத்தகம்: ஃப்ரெய்ரேயா, பார்பியானாவா, ஹார்ட்டனா?

எழுத்தறிவு மையங்களில் பாடம் நடத்துகிறவர்கள் சேர்ந்து வாசிப்பு வட்டம் ஆரம்பித்தால், முதலில் கையிலெடுப்பது பெரும்பாலும் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் ‘ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை’தான். பெரிய பெயர், தமிழிலும் வந்திருக்கிறது, மொத்தமே நான்கு அத்தியாயம். ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாரே, அந்தக் கதை கிடைக்கும் என்று திறந்தால் முதல் அத்தியாயம் முழுக்கத் தத்துவம். பகலெல்லாம் வேறு வேலை, சாயங்காலம் மையம், அப்புறம் இதுவா?

பார்பியானா மாணவர்களின் ‘ஆசிரியைக்கு ஒரு கடிதம்’ நேர்மாறானது. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் பக்கத்து மலைக் கிராமத்துப் பையன்கள் எட்டுப் பேர், பாதிரியார் லொரென்சோ மிலானியின் பள்ளியில் படித்தவர்கள், ஏழைப் பிள்ளைகளைப் பெயிலாக்கி வெளியே தள்ளும் ஆசிரியையைக் கேள்விமேல் கேள்வி கேட்டு எழுதி, 1967இல் வெளியானது. எளிய வாக்கியம், சுடும் கோபம். நம் மையத்துக்கு ஐம்பது வயதில் கையெழுத்துப் பழக வருகிறவரைச் சின்ன வயதில் யார் வெளியே அனுப்பினார்கள் என்று யோசிக்க வைக்கும். சிக்கல் என்னவென்றால், இது குழந்தைகளின் பள்ளியைப் பற்றியது. பேச்சு சீக்கிரமே ‘அந்தக் காலத்து வாத்தியார்’ புலம்பலில் போய் நின்றுவிடும்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு, ‘We Make the Road by Walking’. அமெரிக்காவின் டென்னசியில் ஹைலேண்டர் என்ற முதியோர் கல்வி மையத்தை நிறுவியவர்களில் ஒருவரான மைல்ஸ் ஹார்ட்டனும் ஃப்ரெய்ரேயும் 1987 டிசம்பரில் அங்கே உட்கார்ந்து பேசியது, 1990இல் புத்தகமானது. முழுக்க உரையாடல் என்பதால் ஆளுக்கொரு குரலாகச் சத்தமாக வாசிக்கலாம். கறுப்பின மக்கள் எழுதப் படிக்கக் கற்று வாக்காளராகப் பதிய, ஹைலேண்டர் உதவியோடு 1957இல் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் தொடங்கிய குடியுரிமைப் பள்ளிக் கதை ஒன்று போதும். அங்கே முதல் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், அழகுநிலையம் நடத்தியவர், பயிற்சி பெற்ற டீச்சர் இல்லை, அதனாலேயே அவரைத் தேடிப் பிடித்தார்கள். குழந்தைகளின் பாடப்புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பெயரை எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் ஃபாரம் நிரப்ப வேண்டும், வாக்காளராகப் பதிய வேண்டும். அதுவே பாடமானது. அறிவொளி எழுத்தறிவு இயக்க நாட்களில் புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றதை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

குறை இல்லாமல் இல்லை. பேச்சு அலைபாயும், அமெரிக்கத் தொழிற்சங்கப் பெயர்கள் வந்து விழும், அந்த வரலாறு கொஞ்சம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது.

அப்புறம் ஃப்ரெய்ரேக்கு வரலாம், நேராக இரண்டாம் அத்தியாயத்துக்கு. மாணவரின் தலையை வங்கிக் கணக்காக நினைத்துத் தகவலைப் போட்டுவைக்கும் கல்வியை அவர் பிய்த்துப் போடுவது அங்கேதான். அன்றைக்கு மட்டும் எல்லோரும் தங்கள் மையத்தின் பாடப்புத்தகத்தைக் கையோடு கொண்டுவரட்டும், சண்டை நன்றாக இருக்கும்.