100 மில்லி ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்க் + 10 மில்லி பிப்பெட் செட்: கண்ணாடி சூப்பர், கூட வந்த கார்டு வேஸ்ட்

மோலாரிட்டி (ஒரு லிட்டர் கரைசல்ல எத்தனை மோல் கரைஞ்சிருக்குங்கற அளவு; மோல்ங்கறது துகள்களை எண்ற அலகு) கணக்கு பேப்பர்ல கரெக்டா போடற பசங்ககூட, "சரி, 0.1 மோலார் கரைசல் 100 மில்லி ரெடி பண்ணு"ன்னா நேரா 100 மில்லி தண்ணி அளந்து அதுல உப்பைக் கொட்டிடுவாங்க. ஆனா 100 மில்லிங்கறது தண்ணியோட அளவு இல்ல, உப்பும் சேர்ந்த மொத்தக் கரைசலோட அளவு. அந்த ஒரு பழக்கத்தை மாத்தறதுக்காகத்தான் இந்த செட் வாங்கினேன், அந்த வேலைய இது நல்லாவே பண்ணுது.

ஃப்ளாஸ்க்ல இருக்கறது ஒரே ஒரு கோடு, கழுத்துல. கழுத்து ஒல்லியா இருக்கறதால நாலு சொட்டு கூடினாக்கூட மட்டம் ஏறிடறது கண்ணுக்குத் தெரியுது, பீக்கர்ல அதெல்லாம் தெரியவே தெரியாது, அதுல போட்டிருக்கற கோடே 5 சதவீதம் வரைக்கும் முன்னப்பின்ன இருக்கும். மயில்துத்தம் (நீல கலர்ல இருக்கற காப்பர் சல்ஃபேட்) 2.5 கிராம் எடுத்து கொஞ்சம் தண்ணியில கரைச்சு, ஃப்ளாஸ்க்ல ஊத்தி, பீக்கரையும் அலசி அந்தத் தண்ணியையும் சேர்த்து, அப்புறம் கோடு வரைக்கும் தண்ணி விட்டா 0.1 மோலார். ஒரு மோல் 249.7 கிராம்னு கணக்கு, ஆனா பாட்டில்ல இருக்கறது நீர் ஏறாத வெள்ளைப் பொடின்னா 159.6, லேபிள பாத்துக்கோங்க.

டைல்யூஷனுக்கு (தண்ணி சேர்த்து கரைசலை நீர்க்க வைக்கறது) வருவோம். பிப்பெட்ல (அளந்து உறிஞ்சி எடுக்கற கண்ணாடிக் குழாய்) அந்தக் கரைசல 10 மில்லி எடுத்து காலி ஃப்ளாஸ்க்ல விட்டு கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினா 0.01 மோலார், நீலம் நல்லா வெளுத்துடும். இன்னொரு தடவை அதையே பண்ணினா கிட்டத்தட்ட தண்ணி மாதிரிதான் இருக்கு, ஆனா காப்பர் எங்கயும் போகல. எடுத்த 10 மில்லிக்குள்ள எத்தனை மோல் இருந்துச்சோ அத்தனையும் ஃப்ளாஸ்க்குள்ளயே இருக்கு, தண்ணிதான் கூடிருக்கு. சி1வி1 = சி2வி2 ஃபார்முலா (சி கான்சன்ட்ரேஷன், அதாவது செறிவு; வி கரைசலோட அளவு; 1 முன்னாடி, 2 பின்னாடி) சொல்றதே இவ்ளோதான்.

இப்ப கார்டு. "10 மில்லி கரைசலோடு 100 மில்லி தண்ணீர் சேர்க்கவும்"னு அச்சடிச்சிருக்காங்க, கடுப்பாயிடுச்சு. அப்படிப் பண்ணா மொத்தம் 110 மில்லி, கான்சன்ட்ரேஷன் 0.0091 மோலார், அதாவது வர வேண்டிய 0.01-ஐ விட 9 சதவீதம் கம்மி. கெமிஸ்ட்ரி சொல்லித்தர்ற பொருள் விக்கறவங்களே இப்படி எழுதினா என்னத்த சொல்றது. கார்டைத் தூக்கிப் போட்டுடுங்க.

பிப்பெட் நல்லா இருக்கு, டி.டி.ன்னு போட்டிருக்கு, அதாவது வெளிய விழற அளவுதான் 10 மில்லி, நுனியில ஒட்டியிருக்கற கடைசி சொட்டை ஊதித் தள்ளக்கூடாது. ஃப்ளாஸ்க்ல டி.சி., உள்ள இருக்கற அளவு. ரப்பர் பல்ப் தரல, தனியா வாங்கணும், வாயால உறியற வேலையெல்லாம் வேணாம்ப்பா. மூடி லேசா லூஸ், கவுத்துக் குலுக்கும்போது விரலால அழுத்திப் பிடிச்சாத்தான் ஒழுகாம இருக்கு, அதுக்கு ஒரு ஸ்டார் கட்.

வாங்கறவங்களுக்கு ரெண்டு விஷயம்: கோட்டைத் தாண்டி தண்ணி போயிட்டா மேல இருக்கறத உறிஞ்சி எடுத்து சரி பண்ண முடியாது, உப்பும் சேர்ந்து போயிடும், முதல்லேர்ந்துதான் பண்ணணும். கழுவினதும் ஓவன்ல வெச்சு காய வைக்காதீங்க, கவுத்து வெச்சா தானா காஞ்சிடும்.