உணர்ச்சி அட்டைகள்: மூன்று வருடம் கையாண்ட பிறகு

ஆத்தூரில் ஆசிரியராக இருக்கும் என் தோழி போன வாரம் போன் செய்தாள். "நீ வகுப்பில் வச்சிருக்கியே அந்த உணர்ச்சி அட்டைப் பெட்டி, இப்போ பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமாடி?" அன்றைக்கு நான் இருந்த மனநிலையில் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். அது அவளுக்குப் போதாது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

2022 ஜூனில் 900 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு பக்கம் முகப்படம், மறுபக்கம் ஆங்கிலத்திலும் தமிழிலும் அந்த உணர்ச்சியின் பெயர். என் வீடு சேலம் அஸ்தம்பட்டியில், பள்ளிக்கூடம் சேர்வராயன் மலையில். மலை ஈரத்துக்கு அட்டைகளின் ஓரம் உப்பிவிட்டது, பெட்டி முதல் வருடமே பிய்ந்துவிட்டது. இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில்தான் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் குறையாகச் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அட்டைகளைத் தரையில் பரப்பிவிடுவேன். ஆளுக்கொன்று எடுக்கலாம், எடுத்ததைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த ஒரு விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண், சேர்ந்து இரண்டு மாதம் வரை வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொன்னதைத் தவிர வாய் திறக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை எல்லாரும் எழுந்து போன பிறகு மேசைக்கு வந்து, என் பதிவேட்டுக்கு அடியில் ஒரு அட்டையைத் தள்ளிவிட்டு ஓடிவிட்டாள். 'தனிமை.' மறுநாள் அவளை அவள் ஊர்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அந்த வாரக் கடைசியில் அவள் சிரிப்புச் சத்தம் வராந்தா வரை கேட்டது.

எனக்காகவும் பயன்படுத்துகிறேன். மாலை பஸ்ஸில் கீழே இறங்கும்போது பார்க்காமல் ஓர் அட்டை எடுப்பேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து அடிவாரம் வருவதற்குள், இன்று இதை எப்போது உணர்ந்தேன் என்று யோசித்து நோட்டில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். ஒரே மாதத்தில் 'பொறாமை' மூன்று முறை வந்தது. மூன்று முறையும் அதே சக ஆசிரியையின் பெயரைத்தான் எழுதியிருந்தேன். நோட்டைத் திருப்பிப் பார்க்காமல் இருந்திருந்தால், அவர் மேல் எனக்கு இருப்பது பொறாமை என்று ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன்.

புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியர் வேலையை விட்டுவிடலாமா என்று ஆலோசனை கேட்டு வந்தார். புத்திமதி சொல்லத் தோன்றியது. அடக்கிக்கொண்டு டப்பாவை நீட்டினேன். வெகு நேரம் தேடி 'நிம்மதி'யையும் 'பயம்' அட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "விட்டா நிம்மதி டீச்சர், அப்பா முகத்தை நினைச்சா பயம்" என்றார். அதுவரை ஒரு மணி நேரம் பேசியும் வெளிவராத விஷயம் அது. முடிவை அவரே எடுத்தார்.

சரி, இந்தப் பெட்டி மேல் எனக்கிருக்கும் கோபத்துக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் 'கில்ட்டி' என்றிருக்கும் அட்டையின் தமிழ்ப் பக்கத்தில் 'குற்றவாளி' என்று அச்சடித்திருக்கிறார்கள். அது உணர்ச்சியே அல்ல, கோர்ட்டில் சொல்லும் தீர்ப்பு. வாங்கிய மாதமே பார்த்துவிட்டு, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'தப்பு பண்ணிட்டேன்' என்று எழுதி வைத்தேன். நிறுவனத்துக்கும் எழுதினேன். அடுத்த பதிப்பில் திருத்துவதாகப் பதில் வந்தது.

போன வாரம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த அட்டையை எடுத்தான். பாட்டி காயப் போட்டிருந்த காபிப் பழத்தை மழைக்கு முன்னால் அள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்களாம். விளையாட்டில் மறந்துவிட்டான். எல்லாம் நனைந்துபோனது. பாட்டி திட்டவில்லை, உட்கார்ந்து அழுதிருக்கிறார். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு வந்த பிள்ளை, சரியான முகத்தைப் பார்த்துத்தான் எடுத்தான். ஸ்டிக்கர் ஈரத்தில் உரிந்து விழுந்திருப்பதை நான் கவனிக்கவில்லை. அது என் தவறு. அவன் திருப்பி எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான்: "குற்றவாளி." பக்கத்தில் இருந்தவன் "போலீஸ் வரும்டா" என்றான். இரண்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பேசிக் கூட்டி வந்தேன்.

இது ஏதோ அச்சுப்பிழை என்று என்னால் விட முடியவில்லை. 2007இல் மாத்யூ லீபர்மன் குழுவினர் செய்த மூளை ஆய்வு ஒன்று உண்டு. கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு குறைந்தது. பெயர் சொல்வதே பாதி மருந்து என்றால், தப்பான பெயர் தப்பான மருந்துதானே? கணக்கு வராமல் பென்சிலைக் கடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பெட்டி தரும் சொல் 'விரக்தி'. வாழ்க்கையே வெறுத்துப்போனவருக்குச் சொல்வது அது. பிள்ளைக்கு இருப்பது எரிச்சல். மனத்தாங்கல், ஆற்றாமை, ஏக்கம், கூச்சம் எதற்கும் அட்டை இல்லை. என் பிள்ளைகள் அதிகம் சொல்லும் "ஒரு மாதிரி இருக்கு"க்கும் இல்லை. நாமே எழுதிக்கொள்ள ஒரு வெற்று அட்டையாவது வைத்திருக்கலாம்.

படங்களைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். பயந்த முகத்தைப் பார்த்துப் பாதி வகுப்பு 'ஆச்சரியம்' என்கிறது. முதலில் ஓவியரைத்தான் நொந்துகொண்டேன். ஆனால் 1960களின் கடைசியில் பால் எக்மன் என்ற உளவியலாளர் பப்புவா நியூ கினியில் ஃபோரே என்ற பழங்குடி மக்களிடம் முகப்படங்களைக் காட்டிய புகழ்பெற்ற ஆய்விலேயே, அவர்கள் பயத்தையும் ஆச்சரியத்தையும் பிரித்துச் சொல்லத் தடுமாறியிருக்கிறார்கள். முகத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

அதற்குத் தொல்காப்பியம் எனக்கு வழி காட்டியது. அதில் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்லி நிறுத்தவில்லை, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காகக் காரணமும் சொல்கிறது. அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்பவர்). அதிலிருந்து நானும் "என்ன உணர்ச்சி?" என்பதோடு நிறுத்தாமல் "எதனால?" என்று கேட்கத் தொடங்கினேன். காட்டெருமை என்றார்கள், விடுதிக்குப் பின்னால் இருட்டு என்றார்கள். ஒரு பையன் "எங்கப்பா" என்றான். 'தம் இறை' என்று எப்போதோ படித்தது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பாதி விலைக்கு வந்திருக்கும் பெட்டியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே 'குற்றவாளி'தான்.

ஆகவே தோழிக்கு என் பதில்: வாங்காதே. செவ்வாய்ப்பேட்டையில் கெட்டி அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக்கொள். உன் பிள்ளைகள் வீட்டில் என்ன சொல்கிறார்களோ அந்தச் சொற்களை அவர்களையே எழுதச் சொல். ஞாயிற்றுக்கிழமை வா, 'ஒரு மாதிரி' அட்டையில் இருந்து தொடங்கி நானும் கூட உட்கார்ந்து செய்து தருகிறேன். என் பழைய டப்பாவை மட்டும் இரவல் கேட்காதே. திங்கட்கிழமை காலை அது எனக்கு வேண்டும்.